இருமல் மருந்துப் பாட்டில்

அன்று காலை அம்மா அடுப்படியில் நின்று டிகாஷன் இறக்கினாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. கை தானாகச் செய்தது. பிள்ளைகள் மதியம் மலைக்குக் கிளம்புகிறார்கள் என்றால் காலையிலேயே டிகாஷன் தயாராகிவிட வேண்டும். முதலில் இறங்குகிற கெட்டியானது மட்டும்தான். இரண்டாம் தண்ணீர் கலக்கக் கூடாது. ஆறியதும் பழுப்பு நிற இருமல் மருந்துப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, கம்பளிக் காலுறைக்குள் செருகிப் பையின் அடியில் வைக்க வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளும் கணவர்தான் போன மழைக்காலத்தோடு போய்விட்டார்.

அவர் தொலைபேசி லைன்மேன். கம்பம் ஏறுகிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளி விடுமுறையில், மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலைமேல் ஓடைக்கரையில் கூடாரம் அடித்துவிட்டு வருவார். அம்மா போனதில்லை. தையல் வேலை தலைக்குமேல் கிடக்கும், வீட்டிலும் ஒருத்தர் இருக்க வேண்டும் என்பாள். உண்மையைச் சொன்னால், வீடு வாயை மூடிக்கொண்டு கிடக்கும் அந்த இரண்டு நாளும் அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் தடவை போனபோது அவர் மலையில் போட்ட காப்பியைப் பிள்ளைகள் வாயில் வைத்த வேகத்தில் ஓடையில் துப்பினார்களாம். அடுத்த வருஷம் கிளம்புகிற அன்று அவர் அடுப்படிக்குள் அசடு வழிய வந்து நின்றார்.

“பசங்க முன்னாடி மானம் கப்பலேறுது. கொஞ்சம் டிகாஷன் போட்டுக் குடேன். அங்க போய் நான் போட்ட மாதிரி கலந்துக்கறேன்.”

“திருட்டுத்தனம் வேறயா?”

“இந்த ஒரு தடவை.”

அந்த ஒரு தடவை அவர் சாகிறவரை நீண்டது. பாட்டிலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டபோது, மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது, இருமலுக்கு மருந்து என்று சொல்லி, இரண்டு தடவை இருமியும் காட்டியிருக்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை. ஊர் திரும்பியதும் அம்மா போட்டுக் கொடுக்கும் காப்பியை உறிஞ்சிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா மலையில போடுறது மாதிரி இல்ல” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவள் கணவரைப் பார்ப்பாள். அவர் குனிந்து, ஏற்கெனவே கட்டிய ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுவார். அடுத்த வருஷம் சொல்லிவிடுகிறேன் என்று தனியாக இருக்கும்போது சத்தியம் செய்வார். அவள் தன் கோபத்தையெல்லாம் பாத்திரத்தின் மேல் காட்டுவாள். பால் பாத்திரத்தின் அடி மலையிலிருந்து கன்னங்கரேலென்று திரும்பி வரும். அவள் தேடித்தேடி வைத்தனுப்பிய மூடி மட்டும் போன மாதிரியே பளபளவென்று வரும். “மூடி எதுக்குக் குடுத்தேன், அழகு பாக்கவா?” என்று கேட்பாள். அதற்கும் ஷூ நாடாதான் பதில்.

இப்போது பிள்ளைகள் இருவரும் பெரியவர்களாகி, அப்பா இல்லாமல் முதல் தடவையாக அதே இடத்துக்குக் கிளம்புகிறார்கள். நீயும் வந்துதான் ஆகணும் என்று அம்மாவையும் பிடிவாதமாக வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மகள் பள்ளி வேன் ஓட்டுகிறவள்; வளைவுக்கு வளைவு பின்னால் திரும்பி, “எல்லாரும் உக்காந்திருக்கீங்களா?” என்றாள், பழக்கதோஷத்தில். மகன் மருந்துக்கடைக்காரன். அவன் மடியில் ஒரு பெட்டி. உள்ளே சின்ன கேஸ் அடுப்பு, கையால் சுற்றும் அரைவை மிஷின், காகித வடிகட்டி, மாத்திரைப் பொடி நிறுக்கும் தராசு.

“அப்பா போட்ட காப்பியை நாளைக்குக் காலையில கொண்டு வந்துடறேன் பாரும்மா,” என்றான். “வீட்டுல எத்தனையோ விதமாப் போட்டுப் பாத்தாச்சு. வரல. அந்தத் தண்ணியிலதான் இருக்கு சூட்சுமம்.”

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலடியில் இருந்த பைக்குள் பாட்டில் இருந்தது. இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள். போனவர் பெயரைக் கெடுக்க அல்ல. தன் கைக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தால் போதும்.

மறுநாள் வெயில் ஏறுமுன் மகன் வேலையைத் தொடங்கினான். ஓடைத் தண்ணீரை வடிகட்டினான். காப்பிக் கொட்டையை நிறுத்து அரைத்தான். ஊற்றினான், நிறுத்தினான், மறுபடி ஊற்றினான். கடையில் குழந்தைக்கு மருந்து கலக்குகிறவன் போல மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். மூன்று கோப்பை நிரம்பியது. முதலில் மகள்தான் குடித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவள் குரலில்.

“பொய் சொல்லாத.”

“சரி, வாசனையா இருக்கு. போதுமா?”

அவனும் குடித்தான். பிறகு தராசைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

“அப்பா ஒரு கரண்டிகூட அளந்ததில்ல,” என்றான். “குச்சி பொறுக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள காப்பி ரெடியா இருக்கும். எனக்கு அது ஒண்ணாவது வரும்னு நெனச்சேன். இனிமே இங்க வந்து என்ன பண்றது.”

அம்மாவுக்குச் சொல் தொண்டைவரை வந்தது. மகனின் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. இவனுக்கு இப்போது வேண்டியது உண்மையா, அந்தக் காப்பியா? காப்பியென்றால் அது அவள் பையில்தான் இருக்கிறது. அவர் செய்ததையே தானும் செய்துவிட்டால் என்ன? நல்ல பெயர் போனால் போகட்டும்.

“ரெண்டு பேரும் போய்க் குச்சி பொறுக்கிட்டு வாங்க,” என்றாள். “சுண்டுவிரல் தடிமன். அதுக்கு மேல வேணாம்.”

மகள் சிரித்துவிட்டாள். “அப்பா சொல்ற மாதிரியே சொல்றியே. கேஸ் அடுப்பு இருக்கும்மா, குச்சி எதுக்கு?”

“சொன்னதைச் செய்டி.”

அவர்கள் மரங்களுக்குள் மறைந்ததும் அம்மா வேகமானாள். வீட்டிலிருந்து எடுத்து வந்த பழைய பாத்திரத்தில் பால்பவுடரைக் கரைத்து, கேஸ் அடுப்பில் வைத்து, மூடி போட்டுக் காய்ச்சினாள். காலுறையிலிருந்து பாட்டிலை உருவினாள். இப்படித்தான் அவரும் வருஷா வருஷம் மரங்களைப் பார்த்துக்கொண்டே பூனை மாதிரி ஊற்றியிருப்பார். அந்தப் பெரிய உடம்பு பதுங்குவதை நினைத்தபோது சிரிப்பு வந்தது. கண்ணும் கரித்தது.

பிள்ளைகள் குச்சிகளோடு வந்தார்கள். கோப்பையை வாங்கினார்கள். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் கோப்பையைப் பார்த்தான்.

“அம்மா,” என்றாள் மகள் மெதுவாக, “இது நம்ம வீட்டுக் காப்பி.”

“நீ எப்பவும் போடுறது,” என்றான் மகன். “அப்பாவோடது இல்ல.”

அவளுக்கு வந்த கோபத்தில் பேச்சே முன்னால் ஓடியது. “எதுடா இல்ல? இதுதாண்டா அது. இதேதான்.” பாட்டிலை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். “உங்கப்பா போட்டது ஒண்ணுமில்ல. எல்லாம் நான் இறக்கிக் குடுத்தது.”

மகள் பாட்டிலைப் பார்த்தாள், காலுறையைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணா, நீ மருந்துக்கடைக்காரன். இருமல் மருந்து குடிக்கிற மனுசன் நாம கேட்ட அன்னிக்குத் தவிர ஒரு தடவையாவது இருமியிருக்காரான்னு உனக்குத் தோணல?”

மகன் சிரிக்கவில்லை. பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்தான். “அப்போ அவர் எங்களை ஏமாத்தினாரா?”

இத்தனை வருஷம் காத்திருந்த இடம் இதுதான். வெற்றி என்று ஒன்றும் அம்மாவுக்குத் தோன்றவில்லை. வேறொன்றுதான் உறுத்தியது. அதே பொடி, அதே கை, அதே பாட்டில். பிள்ளைகள் இரண்டும் பொய் சொல்கிற ஜாதி இல்லை. அப்படியானால் ருசி ஏன் வேறு?

“அவர் எப்படிக் காய்ச்சுவார்? பாத்திருக்கீங்களா?” என்றாள்.

“நாங்க வரும்போது காப்பி அடுப்புலயே கொதிச்சுட்டிருக்கும்,” என்றாள் மகள். “மூணு கல்லு. முதல் நாள் சாயங்காலம் நாங்க பொறுக்கின ஈரக் குச்சி. ஒரே புகை. தொப்பியால விசிறிட்டே இருப்பார். எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. மூடியைத் தூக்கி அந்தப் பாறைமேல வெச்சிருப்பார்.”

“மூடியையா?”

“மூடினா பொங்கறது தெரியாதுன்னு சொல்வார்.”

அம்மா பாத்திரத்தின் மூடியைக் கையில் எடுத்தாள். அடி கன்னங்கரேலென்று திரும்பிய பாத்திரம். ஒரு கரிப்பொட்டு இல்லாமல் திரும்பிய மூடி. எத்தனை தடவை தேய்த்திருக்கிறாள், எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்.

“அந்த அடுப்பை அணைடா,” என்றாள். “கல்லு எடுத்துட்டு வா.”

பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. மகன் கல் கூட்டினான். அம்மா மறுபடி பால்பவுடரைக் கரைத்து மேலே வைத்தாள். ஈரக்குச்சி பற்றவில்லை, மகள் தன் வேன் ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி விசிறினாள். புகை மூவர் முகத்திலும் அடித்துவிட்டு, திறந்து கிடந்த பாலின்மேல் இறங்கி, பாலோடு சுற்றிக்கொண்டு நின்றது. அம்மா இருமினாள். மகன் தும்மினான். பால் பொங்கி வந்தபோது அம்மாவின் கை மூடிக்குப் போய்த் திரும்பி வந்தது. டிகாஷனை ஊற்றினாள்.

மகன் குடித்தான். கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினான். அவன் கண்ணில் தண்ணீர். புகைதான் என்று மூவரும் வைத்துக்கொண்டார்கள்.

“நீயும் குடிம்மா,” என்றாள் மகள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “நீ இதைக் குடிச்சதே இல்லையில்ல?”

அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். தன் டிகாஷன் நாக்குக்குத் தெரிந்தது. அதன் பின்னால் வேறொன்று வந்தது. மலையிலிருந்து திரும்புகிற அன்று அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது வரும் வாசனை.

“எப்படி இருக்கு?” என்றான் மகன்.

அவள் இன்னொரு வாய் குடித்தாள்.

“வீட்டுல நான் போடுறது மாதிரி இல்ல,” என்றாள். மிச்சமிருந்ததை ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டினாள்.