கொழுந்தனார் படிச்சிட்டிருக்கார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. அண்ணி தயாரித்த ஒரு பட்டியலின் அறுபத்து மூன்றாவது வரியிலிருந்து உருவியது. பட்டியலை அவர் என்னிடம் தந்தது எழுத்துப்பிழை பார்க்க.

அண்ணி வேலை பார்ப்பது வீடுகளுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில். சமீபத்தில் அங்கே ஓர் ஏஐ உதவியாளரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கேட்ட கோப்பை நொடியில் எடுத்துத் தருமாம். [தருவாரா, தருமா? அண்ணி "அது" என்கிறார். நானும் அப்படியே.] சிக்கல் என்னவென்றால், கோப்புகளுக்கு எண்ணும் தேதியும்தான் பெயர். கேட்கிற மனிதர்களோ "அந்த மாடிப்படிச் சண்டை வீட்ட எடு" என்பார்கள். அது திருதிருவென்று விழிக்கும். ஆகவே எந்தக் கோப்பை யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று மேசை மேசையாகக் கேட்டு எழுதும் வேலை அண்ணி தலையில் விழுந்தது.

2

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

"நவீன வாழ்வில் பெயருக்கும் பொருளுக்குமான உறவு—" [கட்டுரை வாடை. விட்டேன்.]

"பட்டியலில் மொத்தம் இருநூற்றுப் பத்து வீடுகள். 'மூணு பாத்ரூம் டாக்டர்', 'கிணத்த மூடாத வீடு', 'மாமியாருக்குத் தனி வாசல்'..." [இது பரவாயில்லை. இப்படியே அறுபத்திரண்டு வரை போய்விடலாம். போனேன். இரண்டு நாள் அதையே எழுதிக்கொண்டிருந்தேன், அறுபத்து மூன்றுக்கு வராமல் இருப்பதற்காக.]

சரி, வந்துவிடுகிறேன். அறுபத்து மூன்று: "கொழுந்தனார் படிச்சிட்டிருக்கார்."

கொழுந்தனார் நான்.

3

அப்பா விட்டுப்போன மனை அண்ணனுக்கும் எனக்கும் பொது. அண்ணன் அதில் வீடு கட்ட என் கையெழுத்தும் வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்பு அண்ணி தன் அலுவலகத்திலேயே போட்ட வரைபடத்தையும் சம்மதக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டுத் தந்தார். "படிச்சிட்டு சொல்றேன்" என்றேன். அன்றிலிருந்து அதே பதில்தான். அலுவலகத்தில் யாராவது "உங்க வீடு என்னாச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் அண்ணியும் "கொழுந்தனார் படிச்சிட்டிருக்கார்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே கோப்பின் பெயராக நிலைத்துவிட்டது.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: உறையை நான் பிரிக்கவே இல்லை. மூவரும் இந்த வாடகை வீட்டில் ஒன்றாக இருக்கிறோம். வீடு கட்டினால் அவர்கள் போய்விடுவார்கள். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, எழுத்தைத் தவிர வேறு எதுவும்... இந்த வாக்கியம் வேண்டாம். தனியாக விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது, அவ்வளவுதான்.)

4

இங்கே அண்ணி என்ற கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். டார்ச் லைட்டில்கூட பேட்டரி மாற்றிய தேதியை ஒட்டி வைப்பவர், அந்த வரியை மறந்துபோயா என்னிடம் நீட்டியிருப்பார்? முதல் பிரதியில் மறதி என்றுதான் எழுதினேன். அது எனக்கு ரொம்ப வசதியான மறதியாக இருந்ததால் அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டியலோடு லேப்டாப்பையும் என் முன்னால் வைத்தார். பேச்சுவழக்குப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சரியான கோப்பை எடுக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார். இருநூற்றுப் பத்தில் நான் எதைக் கேட்டிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பெயரில் மூன்று வரைபடங்கள் இருப்பதாகவும் எது வேண்டும் என்றும் அது மரியாதையாகக் கேட்டது. மூன்றையும் திறந்தேன்.

நான்கு வருடம் முந்தையதில், தெருவாசல் பக்கம், பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. அதற்குள் "தம்பி" என்று எழுதியிருந்தது. இரண்டு வருடம் முந்தையதில் அதே அறை. "தம்பி?" என்று இருந்தது. போன மாதம் திருத்திப் போட்டதில் "சாமான்கள்".

ஏதாவது மாறியிருக்குமோ என்று மூன்றையும் மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். மறைப்பானேன்.

5

டீயோடு வந்த அண்ணி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பட்டியலில் பிழை எதுவும் இல்லை என்றேன். பிறகு, அறுபத்து மூன்றாவது வரியை மட்டும் வேறு மாதிரி எழுதலாமே என்று இழுத்தேன்.

"மாத்தலாம் தம்பி," என்றார். "ஆனா ஆஃபீஸ்ல எல்லாரும் இந்தப் பேர்லதான் கேக்குறாங்க. வேற பேர் போட்டா யாருக்கும் அது கிடைக்காது."

கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

6

முடிவு அ: நான் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணன் என்னைக் கட்டிக்கொள்கிறார். சாமான்கள் வெளியேற, தம்பி உள்ளே போகிறான். [நீங்கள் கைக்குட்டை தேடுவீர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.]

முடிவு ஆ: "சாமான் வைக்கவா என் கையெழுத்து?" என்று பொங்குகிறேன். [இதை எழுதியபோது அரை மணி நேரம் நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது. பிறகு, நான்கு வருடம் யார்தான் ஓர் அறையை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று தோன்றியது.]

முடிவு இ: கதாசிரியர் இன்னும் கொஞ்சம் யோசிக்கிறார். பிரதியை மறுபடி திருத்துகிறார். ஒருதரம் முழுசாகப் படித்துவிட்டு—

போதும். இதை எழுதிக்கொண்டிருப்பதே கையெழுத்தைத் தள்ளிப்போட இன்னொரு சாக்கு என்று இப்போதுதான் புரிகிறது. மணி நாலே முக்கால். அண்ணியின் அலுவலகத்தை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். அவர் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தால் மறுபடி தள்ளிப்போட்டுவிடுவேன். உறையைப் பிரித்துவிட்டேன். கடிதம் ஒரே பக்கம். படிக்க இரண்டு நிமிடம் ஆனது. கையெழுத்தும் போட்டாயிற்று. கொடுக்கும்போது அந்த அறையைக் கேட்கலாமா, கேட்டால் அண்ணி என்ன சொல்வார் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.