படகு யாருடையது?

சமையல்கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். இருந்த ஒரே மெத்தை நாற்காலியில் வக்கீல் ஜிஃபா. வாசலை ஒட்டி, எந்த நேரமும் எழுந்து ஓடத் தோதாக, அச்சுக்கடை போர்ட்டே. கவிழ்த்த மீன்கூடைமேல், தெஷி கடற்கரைப் படகுகளுக்குச் சித்திரம் எழுதும் அஷிட்டே. அடுப்போரம் முக்காலியில், சமையல்கூடத்துக்காரி நா கோர்கோய்.

நடுவே மேசையில் ஷித்தோ என்னும் காரத் தொக்கு இரண்டு பாட்டில்கள். ஒன்று கோர்கோய் கருவாடும் மிளகாயும் வறுத்துக் கிளறியது. மற்றது எவனோ ஒரு புதுக் கம்பெனிக்காரன் போட்டது. இரண்டிலும் அதே “ஓயாத படகு” என்ற பெயர், அதே சிவப்புப் படகு, அதே வட்டத்துக்குள் R. அவனுடையதைக் கோர்கோயுடையது என்று வாங்கிப்போன வாடிக்கைக்காரி அன்று காலையில்தான் அவளிடம் வந்து, “உன் கை கெட்டுப்போச்சு, புளிக்குது” என்று சந்தையே கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“இந்த R யார் போட்டது?” என்றாள் ஜிஃபா.

“நான்தான் மேடம். பெரிய கம்பெனி டப்பால எல்லாம் இருக்கே, பாக்க அம்சமா இருக்கும்னு...” என்று இழுத்தான் போர்ட்டே.

“பேரைப் பதிவு பண்ணினவங்கதான் அதைப் போடணும். பதிவில்லாம போட்டா குத்தம்.”

“அப்ப அவனும் மாட்டுவான்ல?” என்றாள் கோர்கோய்.

“மாட்டுவான், ஆன்ட்டி. கூடவே நீங்களும். இப்போதைக்கு TM போடலாம். இந்தப் பேர் எங்களுதுன்னு சொல்லிக்கிறது, அவ்வளவுதான். பதிவுக்கு மனு இன்னைக்கே போட்டுடறேன், ஆனா நாளாகும்.”

“அதுவரைக்கும் என் பேர் புளிச்சுக்கிட்டே கிடக்கணுமா?”

ஜிஃபா படத்தைத் தொட்டுக் காட்டினாள். “இதை வரைஞ்சது?”

“நான்தான்,” என்றார் அஷிட்டே. “கூலி, ஒரு தட்டு மக்காச்சோளக் கென்கேயும் பொரிச்ச மீனும்.”

“படத்தோட உரிமையை ஆன்ட்டிக்கு எழுதிக் கொடுத்தீங்களா?”

“தின்னதுக்கு எவன் எழுதிக் கொடுப்பான்?”

“அப்ப படம் உங்களுதுதான். வரைஞ்ச நிமிஷமே உங்க சொத்து. பதிவும் வேணாம், வட்டத்துக்குள்ள C-யும் வேணாம். இன்னைக்கே அவனைத் தடுக்கலாம்.” கொஞ்சம் தயங்கினாள். “ஆன்ட்டியையும் தடுக்கலாம்.”

அஷிட்டே தொடையில் தட்டிச் சிரித்தார். “கோர்கோய், இத்தனை நாளா என் படகுலதான் ஓசியில போயிட்டிருக்கியா?”

கோர்கோய் சிரிக்கவில்லை. “சரி அண்ணே. படத்தை எனக்கு எழுதிக் கொடு. என்ன வேணும், கேளு.”

“படகுக்குக் கீழ என் பேர். எறும்பு மாதிரி போட்டா கையெழுத்து கிடையாது.”

“படிக்கிற மாதிரியே போடறேன். போர்ட்டே, குறிச்சுக்கோ. புது லேபிள் அச்சுச் செலவும் உன் தலையிலதான்.”

“ஆன்ட்டி!”

“அம்சமா இருக்கும்னியே.”

படத்தைக் கோர்கோய்க்கு உரிமையாக்கி ஜிஃபா எழுதிய தாளில் அஷிட்டே கையெழுத்திட்டார். கோர்கோய் கத்தியை எடுத்து, அடுக்கில் இருந்த பாட்டில்களில் ஒவ்வொரு R-ஐயும் தானே சுரண்டினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்காரனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். முதல் வரியே, பதிவில்லாமல் R போட்டது தன் தவறு, எடுத்தாகிவிட்டது என்று இருந்தது.

“அதை எதுக்கு நாமளே சொல்லணும்?” என்றான் போர்ட்டே.

“அவன் வாயில வர்றதுக்கு முன்னாடி என் வாயில வந்துடட்டும். அப்புறம் அவன்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?”

இரண்டாம் வரியில் படம், மூன்றாம் வரியில் பெயர், கடைசியில் பாட்டில்களைச் சந்தையிலிருந்து எடுக்கக் கெடு. அஷிட்டேயின் தாளுக்குப் பிரதி எடுத்து உள்ளே வைத்தாள். உறையில் பசை பிடிக்கவில்லை. சட்டியில் ஒட்டியிருந்த கென்கே மாவை விரலால் வழித்து, தடவி, அழுத்தி மூடி, அஞ்சலகம் சாத்துவதற்குள் போர்ட்டேயை ஓடச் சொன்னாள்.