விட்டுப் படித்த வரி

நாகசுப்பிரமணியன் கதை வாசித்தால் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மதுரையில் சாயக்கடை வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு குரலா என்று தோன்றும். மாதாமாதம் பத்திரிகை வந்ததும் மனைவி கனகலட்சுமியை எதிரே உட்காரவைத்துத் தொடர்கதையை வாசிப்பார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. கொடுத்துவைத்தவள் என்று தெருவே சொன்னது. பரணைச் சுத்தம் செய்ய ஏறிய நாள் வரைக்கும் அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பரணில் ஓர் ஓட்டை அண்டாவுக்குள் கிணற்றுக் கயிறு சுருண்டு கிடந்தது. அவருடைய மூத்த மனைவி தண்ணீர் இறைக்கும்போது கயிறு இற்று அறுந்து, நிலை தடுமாறிக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள் என்று கனகலட்சுமிக்குச் சொல்லியிருந்தார்கள். இற்ற கயிறு நுனியெல்லாம் பிசிறாக இருக்கும். இதிலோ முக்கால் பங்கு வாழைத்தண்டை நறுக்கியதுபோல் வழவழவென்றிருந்தது, மிச்சம்தான் பிசிறு. அதை ஏன் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அவளுக்குத் தாயும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தொடர்கதை எழுதும் சுந்தரவல்லி அம்மாளுக்குப் பேர் போடாமல், கையெழுத்தை மாற்றி, எல்லாவற்றையும் எழுதினாள். ஒன்றல்ல, ஏழு கடிதம். அந்த அம்மாள் அதைக் கதைக்குள் கொண்டுவந்து வைப்பாள் என்று பாவம் இவளுக்குத் தெரியுமா?

சித்திரை இதழை வாசித்தபோது ஓரிடத்தில் நாகசுப்பிரமணியனின் குரல் நின்றது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனார். மறுநாள் அவர் கடைக்குப் போனதும் கனகலட்சுமி பத்திரிகையை எடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்திருந்தார்.

'கயிறு இற்றுப்போகவில்லை, கத்தி பட்டிருந்தது.'

பத்திரிகையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். நாலு நாள் கழித்து அவரே கேட்டார்: "நாம ஆசையா படிக்கிற எழுத்தாளருங்க வீட்டையெல்லாம் ஒருநடை பார்த்துட்டு வருவோமா, கனகு?"

முதலில் பசுமலை. துப்பறியும் கதைகள் எழுதிய வெங்கடரமணன் காலமாகி இரண்டு வருஷமாகியிருந்தது. அவர் மகள் மேஜையையும் மூக்குக்கண்ணாடியையும் காட்டினாள். நாகசுப்பிரமணியன் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விசாரித்தார்.

"இம்புட்டையும் அப்பா சொந்தமா யோசிச்சா எழுதினாரு?"

"பாதி அப்படி. பாதிக்குக் கடுதாசி வருமுங்க. படிக்கிறவங்க தங்களோட வீட்டுல நடந்ததை எழுதுவாங்க."

"அப்படியா சங்கதி," என்று அவர் தலையை ஆட்டினார். மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

உசிலம்பட்டி வரைக்கும் பஸ். அங்கிருந்து சுந்தரவல்லி அம்மாள் இருக்கும் எழுமலைக்குக் காளை என்பவனின் மாட்டுவண்டி. வழியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிப் பேனாக்கத்தியால் கீறி, உப்பு தடவி, ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தார். காட்டுக் கிணறு வரும்போதெல்லாம் காளையிடம் ஆழம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இது எம்புட்டு ஆழம்?"

"அறுவதடி இருக்கும் சாமி. தண்ணி இல்லாத கிணறு. ஒரு ஆளும் இந்தப் பக்கம் வாரதில்லை."

"திரும்பி வரும்போது நிறுத்து. அம்மாவுக்குக் காட்டணும்."

கனகலட்சுமி கையிலிருந்த வெள்ளரிப்பிஞ்சை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சுந்தரவல்லி அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தன்னைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று பூரித்துப்போய் மோர் கொடுத்து உட்காரவைத்தாள். கனகலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் போடவில்லை, கையெழுத்தும் நம்முடையதில்லை, எப்படிக் கண்டுபிடிப்பார் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

"அந்தக் கிணத்துச் சங்கதி உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டார் நாகசுப்பிரமணியன்.

"எனக்கெங்கே தோணுச்சு? மதுரையிலேருந்து ஒரு பொண்ணு எழுதுறா. பேரு போட மாட்டா. ஆனா மங்களகரமான பொண்ணு. எம்புட்டுப் பயந்து எழுதினாலும் காகிதத்துல நாலு மூலைக்கும் மஞ்சள் வச்சிருப்பா, பாருங்க!"

உத்தரத்திலிருந்து கம்பி ஒன்று தொங்கியது. குத்தி வைத்த கடிதங்களுக்கு நடுவே ஏழு காகிதங்களின் மூலைகள் மஞ்சளாகத் தெரிந்தன.

மஞ்சள் வைக்காமல் கனகலட்சுமியின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு காகிதம் வெளியே போகாது. மளிகைச் சாமான் சீட்டுக்குக்கூட அவள் மஞ்சள் வைப்பதைப் பார்த்து அவர் எத்தனை தடவை சிரித்திருக்கிறார்! எல்லாவற்றையும் மறைத்தவளுக்கு இதை மறைக்கத் தோன்றவில்லை. அவள் நினைக்காமலே கை பழக்கப்படி தடவியிருக்கிறது.

நாகசுப்பிரமணியன் எழுந்துபோய் ஒரு மூலையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "எங்க வீட்டிலேயும் இந்தப் பழக்கம் உண்டு," என்றார் சாந்தமாக. "கிளம்புவோமா, கனகு? வழியிலே கிணறு பார்க்கணும்."

அவள் எழுந்திருக்கவில்லை. "அக்கா, அதெல்லாம் நான் எழுதினதுதான்," என்றாள். "நான் இவரோட போகலை. அந்தக் கயிறு இன்னும் எங்க வீட்டுப் பரணிலே இருக்கு."

"பரணிலேயா?" என்று சிரித்தார் அவர். "போன வெள்ளிக்கிழமைதானே பரணைச் சுத்தம் பண்ணினேன். அங்கே ஒண்ணுமில்லையே. கதை படிச்சுப் படிச்சு இவளுக்கு மனசு பேதலிச்சுப் போச்சும்மா."

சுந்தரவல்லி அம்மாள் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் எழுதி ஊரெல்லாம் ரசித்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "பொண்ணு இங்கேயே இருக்கட்டும்," என்று அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

வண்டி நகரும் சத்தம் கேட்கவில்லை. "மாட்டை அவிழ்த்துக் கட்டு, காளை. அம்மா வர நேரமாகும்," என்று அவர் சொல்வதுதான் கேட்டது. கனகலட்சுமி ஜன்னலை லேசாகத் திறந்தாள். எதிரே புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் சித்திரை இதழ்.

வீட்டைப் பார்த்து, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி, அந்தக் கதையை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். அதே இனிமையான குரல். அந்த இடம் வந்தபோது இந்தத் தடவை நிறுத்தவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை.

"கயிறு இற்றுப்போகவில்லை, கத்தி பட்டிருந்தது," என்று நிதானமாக வாசித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டினார்.