உங்கள் வலது பக்கத்தில்

கிணற்றின் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம் என்று, வழிகாட்டி சொன்னபடியே, அவன் வலது கையை நீட்டினான். சுவர் மெத்தென்று இருந்தது. கொஞ்சம் கதகதப்பாகவும் இருந்தது. பழைய கோட்டைகளில் என்னவெல்லாமோ இருக்கும் என்று அதையும் ஏற்றுக்கொண்டிருப்பான். ஆனால் சுவரில் ஒரு சட்டைப் பொத்தான் தட்டுப்பட்டது.

“தம்பி, அது என் வயிறு,” என்றார் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். “கிணறு அந்தப் பக்கம் இருக்கு.”

மன்னிப்புக் கேட்டான். “பரவால்ல, பேரப்பிள்ளைங்க குதிக்கிற வயிறுதான்,” என்று வாத்தியார் பெருந்தன்மையாகச் சொன்னார். சொன்ன கையோடு அவன் தோளைப் பிடித்து, அலமாரியை நகர்த்துவதுபோல் அவனைத் திருப்பி வைத்தார். பேருந்தில் ஏறியதிலிருந்து அவராகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு இது. ‘திருப்பட்டுமா’ என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

காலையிலிருந்தே இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நுழைவாயிலில் “உங்கள் இடது பக்கத்தில் கல் சிங்கம்” என்று வழிகாட்டி முழங்கியபோது அவன் இடது பக்கம் திரும்பிப் பயபக்தியோடு தடவினான். கையில் கிடைத்தது குப்பைத் தொட்டி. அரசவைக் கூடத்தில் அரியணை இருக்க வேண்டிய திசையில் ஒரு தீயணைப்பு உருளை இருந்தது. பிறவியிலேயே பார்வையில்லாதவன்தான். ஆனாலும் தன் வலது எது, இடது எது என்பதில் இதுவரை அவனுக்கு யாரோடும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

கிளம்பும்போது அக்காதான் கேட்டாள். “டேய், பாக்க முடியாதவனுக்கு எதுக்குடா சுற்றுலா?”

“நீ போயிட்டு வந்தப்ப என்னக்கா பாத்தேன்னு கேட்டேன். ரூம்ல ஏசி ஜில்லுனு இருந்துச்சுன்னு சொன்ன. அதை நானும் பாத்துட்டு வரேன்.”

அது அக்காவின் வாயை அடைக்கச் சொன்னது. உண்மைக் காரணம் கோபுரம். ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருமல், தும்மல், நாற்காலிக் கிறீச்சுகளை வெட்டி எடுப்பது அவன் வேலை. உலகத்தில் யாருமே இருமுவதில்லை என்று கேட்பவர்களை நம்பவைப்பதற்காக அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் இந்தக் கோட்டையின் உச்சியில் நின்று பேசிய பதிவு வந்தது. பேச்சுக்குப் பின்னால், கோபுரச் சுவரின் துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, யாரோ தூக்கத்தில் பாட ஆரம்பித்ததுபோல் ஒரு முனகல். “அந்த ஊளைச் சத்தத்தை எடுத்துடுப்பா,” என்றார் முதலாளி. எடுத்துவிட்டான். எடுத்ததை எறிய மனம் வராமல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அதைக் கேட்டான். பேசியவர் கோபுரத்தின் வரலாற்றைச் சொன்னார், யார் கட்டினார் என்று சொன்னார். அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் நடுவிலேயே நின்றுகொண்டு ஒரு மனிதனால் எப்படி வேறு விஷயம் பேச முடிகிறது என்பது அவனுக்குத் தீராத ஆச்சரியமாக இருந்தது.

சுற்றுலா அலுவலகத்தில் தொலைபேசிக்குரல் கனிவாகத்தான் பேசியது. “எல்லாத்துக்கும் நீங்க வரலாம் சார். கோபுரம் மட்டும் வழிகாட்டி முடிவு பண்ணுவார்.”

அவர் கிணற்றடியில் முடிவு பண்ணினார். கொடி கட்டிய குச்சியைத் தரையில் தட்டிக்கொண்டே அருகில் வந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. கோபுரப் படில ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஒண்ணுமே கிடையாது. நீங்க சமதரையிலயே திசை மாறித் திரும்புறீங்க. நாங்க ஏறிட்டு வர்ற வரைக்கும் டீக்கடைல உக்காந்துக்கோங்க.”

“நான் மாறித் திரும்பல. நீங்க சொன்ன பக்கம்தான் திரும்பினேன்.”

“வாத்தியார் வயித்தைக் கேளுங்க சார்,” என்றார் வழிகாட்டி. குழுவே சிரித்தது. வாத்தியார்தான் அதிகம் சிரித்தார். வயிறு குலுங்கும் சத்தம் அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது.

கோபுரம் கடைசியில்தான். அதற்கு முன் டீ. அவன் கண்ணாடிக் கோப்பையை உருட்டிக்கொண்டு யோசித்தான். கோபப்பட்டிருக்கலாம். ஆனால் கோபத்தைவிட நமைச்சல்தான் பெரிதாக இருந்தது. ஒரு மனிதர் தப்பாகச் சொல்வது பெரிய விஷயமில்லை. விடாமல், ஒரு ஒழுங்கோடு தப்பாகச் சொன்னால் உள்ளே ஏதோ இருக்கிறது. காலையில் கேட்டதையெல்லாம் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தான். பேருந்திலிருந்து வாசலுக்கு நடந்தபோது “வலது பக்கம் வாங்க” என்றார், வழி வலது பக்கம்தான் இருந்தது. அப்போது குரல் அவனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது, மெய்யெழுத்துகள் மழுங்கியிருந்தன. முதுகைக் காட்டிக்கொண்டு பேசும் குரல். சிங்கத்திடம் குரல் கூர்மையாக வந்து முகத்தில் விழுந்தது. அரியணையிலும் அப்படித்தான். கிணற்றிலும்.

முகத்தைப் பார்த்துப் பேசும்போது மட்டும் தப்பு.

டீ தொடையில் கொட்டியது. அது சுட்டதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

வழிகாட்டியைக் கூப்பிட்டான். “அடுத்து என்ன காட்டப் போறீங்க?”

“ராணி குளிச்ச மண்டபம்.”

“அங்க கொடியை வாத்தியார்கிட்ட குடுத்துட்டு, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு சொல்லுங்க. தலையையும் ஆட்டக் கூடாது. வாயால மட்டும். எல்லாரும் மண்டபத்தைச் சரியாப் பாத்துட்டா நான் இங்கயே உக்காந்து இன்னொரு டீ குடிக்கிறேன். பாக்கலைன்னா கோபுரத்துக்கு வரேன்.”

வழிகாட்டி யோசித்தார். இத்தனை வருடப் பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார். “இவ்ளோதானா? வாங்க சார்.”

முற்றத்தில் குழுவுக்கு எதிரே நின்று, பள்ளிக்கூடப் பையனைப்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குரலை ஏற்றினார். “உங்கள் வலது பக்கத்தில், ராணி தினமும் நீராடிய மண்டபம்!”

குழு வலது பக்கம் திரும்பியது. அங்கே நிர்வாகம் அண்மையில் கட்டிய பொதுக் கழிப்பறை நின்றது. கோட்டையோடு ஒத்துப்போகட்டும் என்று அதற்கும் கல் நிறத்திலேயே வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த அக்கறை இப்போது பலன் தந்தது. கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத பெண் அதன் முன்னால் போய் நின்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள், கணவன் படம் எடுத்தான்.

“அந்த ஜன்னலைப் பாருங்க,” என்றார் வாத்தியார், உருகி. “எவ்ளோ உயரத்துல வச்சிருக்கான் பாருங்க. ராணியை யாரும் பாத்துடக் கூடாதுன்னு.”

உள்ளேயிருந்து ஒருவர் கையை உதறிக்கொண்டே வெளியே வந்தார்.

“எல்லாரும் எங்க பாக்குறீங்க?” வழிகாட்டியின் குரல் உடைந்தது. “மண்டபம் இந்தப் பக்கம்!”

“நீங்கதானே வலதுன்னு சொன்னீங்க,” என்றாள் புதுப்பெண்.

“இது வலதுதானே?”

“அது உங்களுக்கு வலது,” என்றான் அவன்.

வழிகாட்டி தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சட்டைக்கை உரசும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, அவனிடம் மட்டும் கேட்டார். “எத்தனை வருஷமா சொல்றேன் சார். ஒருத்தர்கூட எதுவும் சொல்லலியே?”

“அவங்க நீங்க சொன்னதைக் கேக்கல. உங்க விரலைப் பாத்தாங்க.”

“நீங்க…”

“எனக்கு விரல் இல்லையே. வார்த்தைதானே இருக்கு.”

கோபுரப் படியில் வழிகாட்டி கொடியைத் திரும்ப வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஏறினார், அவன் கை அவர் தோளில். முதுகுப் பக்கமிருந்து வந்த வலது இப்போது வலதாகவே இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் தோள் ஒரு நொடி இறுகியது, மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாய் திறந்தது. ஒன்றுமே இல்லாத பக்கத்திலிருந்து குளிர்ச்சியாக ஒரு வெறுமை கன்னத்தில் பட்டது. அதுவும் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அவனுக்கு ஆசை. தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. பின்னால் வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டே, “தம்பி, பிடிச்சுக்கட்டுமா?” என்று கேட்டார். முதல் தடவையாகக் கேட்டார். அவரைப் பிடித்துக்கொள்ளத்தான் ஓர் ஆள் தேவைப்பட்டது.

உச்சியில் காற்றே இல்லை. துளைகள் ஊமையாக இருந்தன. அவன் ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான், கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. வழிகாட்டி வழக்கம்போல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, குழுவைப் பார்த்து நின்று, தொண்டையைச் செருமினார்.

“உங்கள்…” என்றார். நின்றுவிட்டார்.

பிறகு காலடிச் சத்தம். அவர் நடந்து வந்து அவனுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்த்த திசையையே பார்த்து நின்றார். அவருடைய வலது பக்கத்தில் அவன் இருந்தான். சந்தேகமில்லாத வலது.

“என்ன தெரியுது?” என்று கேட்டான்.

“ஆத்துல படகுகள் வரிசையா…” ஒப்பிக்கத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கியது. “படகைக் காணோம் சார். ஒரு பாலம் இருக்கு. பெரிய பாலம்.” கொஞ்சம் குனிந்திருப்பார்போல, குரல் சுவருக்கு அப்பால் போய்வந்தது. “இது எப்ப கட்டினாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. “சொல்லுங்க,” என்றான் அவன். “பாலத்துக்கு அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம்… இருங்க சார், இருங்க. பாக்குறேன்.”

அவன் காத்திருந்தான். வழிகாட்டியின் கக்கத்தில் இருந்த கொடித்துணி லேசாக ஒருமுறை படபடத்து, அடங்கி, மறுபடியும் படபடத்தது. அவன் துளையிலிருந்து விரலை எடுத்தான்.