இரண்டாவது டப்பா

"இது இருமலே இல்ல, துணித் தூசி," என்றார் என் கணவர். தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு, நூலை உதட்டில் நனைத்துக்கொண்டே சொன்னார்.

"மூணு வாரமாவா தூசி? ஒரு தடவை..."

"டெஸ்ட்டு அது இதுன்னு ஒரு வார்த்தை வெளிய போகட்டும், நான் தைச்ச சட்டையை எவன் போடுவான்?"

அந்த 'ஒரு தடவை'யோடு என் வாய் அடைத்துப்போனது. மீதி நான்கு மாதமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. அவர் கோபக்காரர் இல்லை, பயந்தவர். கோபக்காரரிடம்கூடப் பேசிவிடலாம்.

அந்த நான்கு மாதத்தில் எங்கள் மகள் பூசணி இளைத்துப்போனாள். மூன்றரை வயது. பிறந்தபோது இருந்த கன்னத்துக்காக அவர் வைத்த பெயர். இப்போது அப்படிக் கூப்பிடவே நாக்கூசியது. மாலையானால் காய்ச்சல். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காசநோயாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ஆனால் பார்க்கச் சளி வேண்டுமே, இந்த வயதுக்குக் காறித் துப்பத் தெரியுமா? ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டு இரண்டு முறை எடுத்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. "அப்பா, எடுக்கச் சொல்லுப்பா" என்று அவள் அலறியபோது அவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். மூன்றாவது முறை இன்று மாலை என்று சொல்லியிருந்தார்கள்.

காலையில் லேபில் வேலை பார்க்கும் அக்கா எங்கள் கட்டிலுக்கே வந்தார். கையில் மூடி போட்ட இரண்டு டப்பாக்கள்.

"டியூப் இப்போதைக்கு வேணாம். பாப்பா வெளிக்குப் போனா அதுல கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பட்டாணி அளவு போதும்."

"நோய் நெஞ்சுல இருக்கும்னாங்களே அக்கா?"

"சளியைத் துப்பத் தெரியாத பிள்ளை என்ன பண்ணும்? முழுங்கும். முழுங்கினது ஒரு வழியா வெளிய வந்துதானே ஆகணும்? கிருமி அதுல இருந்தா எங்க மெஷின் பிடிச்சிடும். ஒரு மணிக்குள்ள குடுங்க, சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன். ரெண்டு டப்பா இருக்கட்டும், ஒண்ணு தவறினா இன்னொண்ணு."

இன்றைக்கென்று பூசணிக்கு வரவில்லை. தினமும் எட்டு மணிக்கே உட்காருகிறவள் பத்துக்கும் உட்காரவில்லை, பதினொன்றுக்கும் இல்லை. பால், வெந்நீர், கெஞ்சல் எதுவும் எடுபடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட "ஆச்சா? ஆச்சா?" என்று விசாரித்தார்கள். பன்னிரண்டரைக்கு அவர், பூசணியை உட்காரவைத்திருந்த மஞ்சள் பேசினுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயாலேயே மெஷின் ஓட்டினார். "டக டக டக டக... பூசணிக்குப் பாவாடை தைக்கறேன். ஐயோ, நூல் அறுந்துடுச்சே!"

அவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. பிறகு முகம் தீவிரமானது.

"நீ பாக்காத," என்றாள் அப்பாவிடம்.

"பாக்கல தாயி! நீ வேலையைப் பாரு!"

ஆயிற்று. வார்டே கைதட்டியது. டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் ஓடினார், பூசணியைப் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் விட்டுவிட்டு நான் பின்னாலேயே. "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று அவர் கத்த, எதிரே வந்தவர்கள் தங்கம் ஏதோ போகிறதென்று ஒதுங்கினார்கள்.

"ஓட்டப்பந்தயமா அண்ணே? மூடியை இறுக்கினீங்களா?" என்று லேப் அக்கா வாங்கிக்கொண்டார்.

அவர் சுவரில் கை ஊன்றி இருமினார். இருமி முடிக்க வெகுநேரமானது. அக்கா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டப்பாவோடு உள்ளே போனார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது: பட்டாணி அளவு, ஒரு மருந்து பாட்டிலுக்குள். குலுக்கினார், வைத்தார், மறுபடி குலுக்கினார். மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சி, ஒரு சின்ன டப்பிக்குள் விட்டு மெஷினுக்குள் சொருகினார்.

மணி நாலாகும் முன்பே அக்கா தாளோடு வந்தார்.

"காசநோய்தான். பயப்படாதீங்க, முக்கியமான மருந்துக்குக் கட்டுப்படற கிருமிதான்னும் மெஷின் சொல்லிடுச்சு. டாக்டர் இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கறாராம். டியூப் கிடையாது."

நோய் இருக்கிறதென்று கேட்டு யாராவது குதிப்பார்களா? நாங்கள் குதித்தோம். நான்கு மாதமாக இருட்டில் எங்களை அடித்துக்கொண்டிருந்த கைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே! அவர் பூசணியைத் தோளுக்குமேல் தூக்கிச் சுற்றினார். "டியூப் இல்ல! டியூப் இல்ல!" என்று அவள் கூவினாள்.

"பெரியவங்க யார்கிட்டயிருந்தோதான் பிள்ளைக்கு ஒட்டியிருக்கும்," என்று அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வீட்டுல எல்லாரும் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கங்க."

சுற்றியது நின்றது. அவருக்கும் கேட்டுவிட்டது. பூசணியின் முதுகில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. வந்த இருமலை அவர் அடக்கப் பார்த்ததில் கண்ணில் நீர் கட்டியது.

பையைத் துழாவினேன். ஒன்று தவறினால் என்று காலையில் அக்கா கொடுத்த இரண்டாவது டப்பா அடியில் பத்திரமாக இருந்தது. மூடியைத் துடைத்து அவர் கையில் வைத்தேன். பூசணி அவர் தோளிலிருந்து குனிந்து அதை எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல எழுந்ததும் நல்லா இழுத்து இருமி, இதுல துப்பிக் குடுங்க. நானும் உங்களோடயே டெஸ்ட் பண்ணிக்கறேன். தூசின்னா தூசின்னே வரட்டுங்க. ஒரு தடவை."