மாலை நின்றுபோன வீடு

உயர்கல்விக் கொள்கை ஆய்வாளரின் வீட்டுக்கு மாலைப்பொழுது வருவது நின்று இருபது வருஷம் ஆகிறது. தெருவில் மற்ற எல்லார் வீட்டுக்கும் வரும். இவர் வாசல்படியோடு நின்றுவிடும். உள்ளே மத்தியான வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், அடுத்த நொடி கும்மிருட்டு. முதல் வாரமே அவர் மனைவி மின்சார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். வந்த ஊழியர் மீட்டரைத் தட்டிப் பார்த்து, "லைன்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, பொழுதுதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் தெருவுக்கே தெரியும். மாலைக் கல்லூரிகளால் பயன் உண்டா என்று ஆராய்ந்து சொல்லும் வேலை அவரிடம் வந்தது. மனுஷர் கெட்டிக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் அவர் துறையில் ஒரு வழக்கம் இருந்தது: மூன்று வருஷத்தில் பட்டம் வாங்காதவர்களை 'இடையில் நின்றவர்கள்' பக்கம் தள்ளிவிடுவார்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கிறவர்களுக்கு ஐந்தாறு வருஷம் பிடிக்குமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவருடைய சொந்தத் தங்கையே துணிக்கடையில் கால் கடுக்க நின்றுவிட்டு, ஐந்தாவது வருஷமாக மாலைக் கல்லூரிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. ஒரே வீட்டில் சாப்பிட்ட அவருக்கும் உறைக்கவில்லை பாருங்கள். பயனில்லை என்று அறிக்கை போனது, கல்லூரிகளை மூடினார்கள்.

தங்கை கத்தவில்லை. "என்னை எந்தப் பக்கம் வச்சேண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாரும் இப்படித்தாம்மா கணக்கெடுக்கறாங்க" என்றார் அவர். அதற்கு வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறைக்குக் குடிபோனாள். மாலையும் அவள் பின்னாலேயே போய்விட்டது.

பிறகு அவரே தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி, இன்னொரு அறிக்கை எழுதினார். பிரமாதம் என்றார்கள். பதவி உயர்வுகூடக் கொடுத்தார்கள். கல்லூரிக் கட்டடம் அதற்குள் சிமெண்ட் கிடங்காகியிருந்தது. தங்கையைப் போய்ப் பார்க்க அவருக்கு முகமில்லை. வருஷங்கள் ஓடின.

ஓய்வு பெற்ற மறுநாள்தான் அந்த மாடிப்படி ஏறினார். தெருவிளக்கெல்லாம் எரிந்த பிறகும் தங்கையின் அறையில் மாலை வெளிச்சம் இருந்தது. இரண்டு வீட்டுப் பங்கு அல்லவா! சன்னலோரம் படிக்கிற மேசை. அதன்மேல் ஒன்றுமில்லை.

"மறுபடி எங்கயாவது சேரலாமே? நான் விசாரிக்கறேன்."

"ஆசையெல்லாம் போயிடுச்சுண்ணா. இந்நேரத்துக்கு இங்க உக்காந்து பழகிடுச்சு, அவ்வளவுதான்."

"தப்புப் பண்ணிட்டேம்மா."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வந்ததுதான் வந்தே, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ. உன் வீட்டுலதான் இது கிடையாதே."

இப்போது தினமும் போகிறார். வெற்று மேசைக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவர். அவர் திரும்பி வரும்போது வாசல்படியில் மனைவி டார்ச்சோடு நிற்பாள்.