மைக் வேண்டாத கச்சேரி

என் மூஞ்சிக்கு நேரா மைக் வேண்டாம்னு சொன்ன மொத ஆளு எங்க தெரு மரியசூசை வாத்தியார் மவ கிறிஸ்டிதான். வேற யாராச்சும் சொல்லியிருந்தா நடந்திருக்கும் கதையே வேற.

நான் அமல்தாஸ். வரதராசன்பேட்டையிலேர்ந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் தேர், கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுன்னாலும் என் சவுண்ட் சர்வீஸ்தான். கீழப்பழுவூர்ல நான் போடற பாட்டு திருமானூர்ல கேக்கும்னு சொல்லுவாங்க. அது கொஞ்சம் ஓவருதான், ஆனா சொல்றவங்கள நான் தடுத்ததில்ல.

எங்க மாதா கோயிலுக்கு நூறு வருஷம் நெறையுது. அந்த விழாவுக்குன்னு கிறிஸ்டி மெட்ராஸ்லேர்ந்து தான் வாசிக்கிற சிம்பொனி குழுவையே ரெண்டு பஸ்ஸுல கூட்டியாந்துட்டா. அறுவது பேரு. இவ வாசிக்கிறது டபுள் பேஸு. ஆள விட ஒசரமான வயலின நிக்க வச்சு வாசிக்கணும். பாத்தா, பீரோவ கட்டிப் புடிச்சுகிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்.

"மைக் ஒண்ணுகூட வேண்டாம் மாமா" அப்படின்னா.

"ஏம்மா, ஆயிரம் பேரு வந்து உக்காருவாங்க. கடைசி வரிசைக்கு என்ன, தந்தி அடிப்பியா?"

"கேக்கும் மாமா. கோயில் கூரை நல்ல ஒசரம். நேத்தே வாசிச்சுப் பாத்துட்டோம். நாங்க வாசிக்கிற சிம்பொனி நாலு பாகம். ரெண்டாம் பாகத்துல ரொம்ப மெல்லிசா ஒரு மெட்டு வரும். கடைசிப் பாகத்துல அது இன்னொரு தடவ வரும். அதுக்கு மைக் வச்சா அது செத்துப் போயிடும். நீங்க கரண்டுக்காரர்கிட்ட சொல்லி, எரையிற மின்சாரக் காத்தாடிய மட்டும் நிறுத்திக் குடுங்க."

வைகாசி மாசம், அரியலூர் ஜில்லாவுல, காத்தாடிய நிறுத்தணுமாம்! நேரா பங்குச்சாமியார்கிட்ட போனேன். அவரும் சிரிச்சுகிட்டே, "ஒரு நாளைக்கு ரெஸ்ட் எடுத்துக்க அமலு"ன்னுட்டாரு. எனக்கு உச்சி மண்டை வரைக்கும் சுர்ருன்னு ஏறிடுச்சு.

வெளிய வந்தா பந்தல்காரன் தங்கராசு நிக்கிறான். "என்னப்பா, ஒன் கடைய மூடச் சொல்லிட்டாங்களாமே?"

"எவன்டா மூடறது? நாளைக்கு கடைசி பெஞ்சுல நான் உக்காருறேன். அங்க ஒழுங்கா கேட்டுச்சுன்னா, என் ஸ்பீக்கர் பாக்ஸு மொத்தத்தையும் ஒன் பேர்ல எழுதி வச்சுடறேன்."

வீம்புக்குச் சொன்னது. டீ குடிக்கிற நேரத்துக்குள்ள அத ஊர் பூரா பரப்பிட்டான் பாவி.

அந்த வீம்புக்கு உள்ள ஒரு பயம் இருந்துச்சு. அது எனக்கும் திருச்சியில ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். பாக்ஸுக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு என் காது போயிகிட்டு இருந்துச்சு. எந்நேரமும் உள்ள ஒரு சில்வண்டு கத்தும். மெதுவா பேசுறவங்களுக்கு வாய் அசையறது தெரியும், பேச்சு வந்து சேராது. போன் அடிக்கிறது கேக்காம போனா, டவர் இல்லன்னு சமாளிச்சுடுவேன். காதுக்கு மெஷின் வச்சே ஆவணும்னாரு டாக்டரு. காதுல மெஷின மாட்டிகிட்டு தெருவுல போனா, அந்த மைக்செட்காரன எவன் கூப்புடுவான்? என் பொழப்புல மண்ணுதான். அதனால என் சம்சாரம் சாந்தி மேரிகிட்டகூட மூச்சு விடல.

மறுநாள் சாயங்காலம் கோயில்ல நிக்க எடமில்ல. முன்னாடி பாயில உக்காந்தது ஒரு கூட்டம், பின்னாடி பெஞ்சுல ஒரு கூட்டம். கடைசி பெஞ்சுல நான், இந்தப் பக்கம் சாந்தி, அந்தப் பக்கம் வேவு பாக்க தங்கராசு. காத்தாடி நின்னதும் ஜனம் முந்தானையாலயும் துண்டாலயும் விசிறிகிட்டு முணுமுணுத்துச்சு. பீடத்துக்குக் கீழ அறுவது பேரும் கருப்புச் சட்டையில ஒரு மேட்டிமையும் இல்லாம வந்து உக்காந்தாங்க.

நானும் தொழில்காரன், சும்மா உக்காந்திருப்பேனா? எத எங்க வச்சிருக்காங்கன்னு பாத்தேன். டிரம்பெட்டு மாதிரி சத்தக்காரனெல்லாம் பின்னால. மெல்லிசு வயலினெல்லாம் முன்னால. அதுலயும் ஒரே மெட்ட வாசிக்க ஒரு கும்பலே உக்காந்திருக்கு. எதுக்குடா ஒரு வேலைக்கு இத்தன பேருன்னு நெனச்சேன். ஒரு கருப்புக் குழல் ஒத்த சுரம் ஊதுச்சு. அறுவது பேரும் அந்தச் சுரத்துல வந்து சேந்தாங்க. நான் போடற 'மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ' நெனப்புக்கு வந்து கொஞ்சம் கூச்சமா போச்சு.

நடத்துறது ஒரு பொம்பள. குச்சியத் தூக்குனாங்க, மொதப் பாகம் கெளம்புச்சு. அம்மாடி! திருவிழா பேண்டுல கேட்ட டிரம்பெட்டுதான், கிளாரினெட்டுதான். ஆனா இங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிக்கல. ஒருத்தன் வழி விடறான், இன்னொருத்தன் வரான். அண்டா கணக்கா இருந்த மேளம் ரெண்டு உருண்டதும் சன்னல் கண்ணாடி கூட நடுங்குச்சு. அப்பத்தான் அந்தக் கும்பலோட கணக்கு எனக்குப் பிடிபட்டுச்சு. கரண்டே இல்லாத காலத்துல எவனோ ஒருத்தன், ஒரு வயலின் கடைசி ஆளுக்குக் கேக்காதேன்னு யோசிச்சிருக்கான். மெஷின் தேடிப் போவல, பக்கத்துல இன்னும் பத்து மனுசன உக்கார வச்சுட்டான். மனுசனையே ஆம்ப்ளிபயரா அடுக்கி வச்சிருக்கானுவ! ரொம்பப் பெரிய மூளைதான்டான்னு உள்ளுக்குள்ள ஒத்துகிட்டேன், வெளிய காட்டிக்கல.

ரெண்டாம் பாகம். குச்சி ரொம்ப மெதுவா எறங்குச்சு. வில்லெல்லாம் நகருது. ஒண்ணா மேல போவுது, ஒண்ணா கீழ வருது. சத்தம் மட்டும் வரல.

கேக்கல! செயிச்சுட்டேன்னு நெஞ்சு குதிச்சுது. தங்கராசப் பாத்தேன், அவன் வாயப் பொளந்துகிட்டு முன்னாடியே பாத்துகிட்டு இருக்கான். இந்தப் பக்கம் திரும்புனேன். சாந்தி அழுவுறா. கண்ண மூடிகிட்டு, கன்னத்துல தண்ணி வழிய, தொடைக்கக்கூட தோணாம அழுவுறா. விசிறிகிட்டு இருந்த முந்தானை எல்லாம் மடியில விழுந்து கெடக்கு. கோயில் பூரா ஒரே பக்கமா லேசா சாஞ்சு உக்காந்திருக்கு.

எல்லாருக்கும் கேக்குது. எனக்குத்தான் கேக்கல.

வில்ல மட்டும் பாத்துகிட்டு இருந்தேன். என் மிக்ஸர்ல ஒரு வால்யூம் குமிழு, அத நான் திருப்புனா கொறையும். இங்க அறுவது பேருகிட்டயும் ஆளுக்கொரு குமிழு இருக்கு, அறுவது பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுகிட்டே கொறைக்கிறாங்க. என்கிட்ட வேல பாக்குற ரெண்டு தம்பிகளயும் ஒரு நாளாச்சும் ஒண்ணா சத்தத்தக் கொறைக்க வைக்க என்னால முடிஞ்சதில்ல. சத்தமே கேக்காம, பாத்துகிட்டு இருந்த எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

அப்பறம் பெஞ்சு லேசா அதிர்ந்துச்சு. கிறிஸ்டி வாசிக்கிறா. அந்த அடிச்சத்தம் மரத்து வழியா எனக்கு வந்துச்சு. அது மேல ஒண்ணொண்ணா ஏறி, மெல்ல மெல்லப் பெருகி, என்னையும் ஒரு வழியா வந்து எட்டுச்சு. எட்டுன வேகத்துல திரும்பத் தேய ஆரம்பிச்சுது. மறுபடியும் வில்லு மட்டும்தான் நகந்துச்சு. அந்தப் பாகம் முடிஞ்சுது.

கடைசிப் பாகத்துல அந்த மெட்டு திரும்ப வரும்னு கிறிஸ்டி சொன்னது நெனப்புக்கு வந்துச்சு. இன்னொரு தடவ அத விட்டுட்டா நான் மனுசனே இல்ல. நடுவுல இருந்த ஒரு பாகம் எப்படிப் போச்சுன்னே எனக்குத் தெரியல. அது முடிஞ்சதும் எந்திரிச்சுட்டேன்.

தங்கராசு என் வேட்டியப் புடிச்சான். "எங்க போற? இங்கதான் நல்லா கேக்குதே! தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போ."

அவன் காதுல மட்டும் விழற மாதிரி, குனிஞ்சு ரகசியமாத்தான் சொன்னேன். "ஒங்க எல்லாருக்கும் கேக்குதுடா. எனக்குத்தான் காது போச்சு."

ரகசியம்னு நான் நெனச்சுகிட்டேன். காது போனவனுக்கு தன் தொண்டை எவ்வளவு சத்தம் போடுதுன்னு எங்க தெரியும்? காத்தாடி இல்லாத கோயிலு. ஒசரமான கூரை. கடைசி பெஞ்சுலேர்ந்து பீடம் வரைக்கும், மைக் இல்லாம, என் பேச்சு கணீர்னு போயிடுச்சு. ஆயிரம் தலை திரும்புச்சு.

எவனும் சிரிக்கல. தங்கராசு வேட்டிய விட்டுட்டான். இத்தன வருஷமா மூடி மூடி வச்சத நானே ஊருக்கு ஒலிபரப்பிட்டேன். நாளைக்கு எவன் கூப்புடுவானோ, கூப்புடாட்டிப் போறான் போன்னு பீடத்தப் பாத்து நடந்தேன். பெஞ்சுக்கு நடுவுல போற வழி ரொம்ப நீளமா இருந்துச்சு. அந்தம்மா தூக்குன குச்சியக் கீழ எறக்கிட்டு, என்னைப் பாத்து, கிறிஸ்டிக்கு முன்னால காலியா இருந்த தரைய கையால காட்டுனாங்க. அறுவது பேரும் வில்லையும் குழலையும் தூக்கிப் புடிச்சுகிட்டு ஒரு மைக்செட்காரனுக்காகக் காத்துகிட்டு இருந்தாங்க. போயி சம்மணம் போட்டு உக்காந்தேன். பின்னாடியே சாந்தியும் வந்து ஒட்டி உக்காந்தா. என் கையப் புடிச்சுகிட்டா.

கடைசிப் பாகம் இடி மாதிரி தொடங்குச்சு. அவ்வளவு பேரு, அவ்வளவு மரம், அவ்வளவு பித்தளை, எல்லாம் ஒரே மூச்சா வந்து என் மார்ல மோதுச்சு. எத்தன தலைமுறை யோசிச்சு இத இப்படி அடுக்கியிருப்பானுவன்னு நெனச்சா தலை கிறுகிறுத்துச்சு. எவனோ எந்த நாட்டுலயோ எழுதுனத, எங்க ஊரு வாத்தியார் மவ வேர்வை சொட்டச் சொட்ட வாசிக்கிறா. திடீர்னு அந்தம்மா கைய மடக்குனாங்க. எல்லாம் அடங்குச்சு.

வில்லு அசஞ்சுது. சில்வண்டுக்குக் கீழ, ரொம்பத் தூரத்துல, நூல் மாதிரி ஒண்ணு வந்துச்சு.

"கேக்குதா?" சாந்தி வாய் அசஞ்சுது.

தலைய ஆட்டுனேன். அவ எதுக்கு அழுதான்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.